ஒரே வெப்சைட் நம் கணினியில் ஒரு மாதிரியும் லைவில் வேறு மாதிரியும் இயங்க என்ன செய்வது?

டெவலப்மென்ட் என்றால் நாம் கோடு எழுதிச் சோதிக்கும் இடம், புரொடக்‌ஷன் என்றால் மக்கள் பயன்படுத்தும் இடம். இரண்டிலும் கோடு ஒன்றுதான், செட்டிங் மட்டுமே மாறும். கடலூர் முதுநகர்ப் பக்கம் பழுது பார்த்த படகின் இன்ஜினைக் கரையோரம் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள், கடலுக்குக் கிளம்பும்போது மூடிவிடுவார்கள், படகு அதேதான்.

புதுச்சேரியில் ஒரு விடுதிக்கு ரூம் புக்கிங் சைட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். சோதிக்கும்போது நிஜப் பணம் கழியக்கூடாது, நிஜ வாடிக்கையாளருக்கு மெயில் போகக்கூடாது, ஆனால் எரர் வந்தால் எந்த ஃபைலில் எந்த வரி என்று முழுசாகத் தெரிய வேண்டும். லைவில் இதெல்லாம் அப்படியே தலைகீழ். எரர் விவரம் வெளியே தெரிந்தால் சைட்டின் உள்கட்டமைப்பை நாமே காட்டிக்கொடுத்த மாதிரி, அதனால் அது லாக் என்னும் பதிவு ஃபைலில் மட்டும் பதிவாக வேண்டும். ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கில், எரர் விவரத்தைக் காட்டும் டீபக் செட்டிங்கை லைவில் ஆன் செய்து வைக்காதீர்கள் என்று அடித்துச் சொல்வது இதனால்தான்.

சரி, எந்த இடத்தில் ஓடுகிறோம் என்று கோடுக்கு எப்படித் தெரியும்? அந்தந்த சர்வரில் என்விரான்மென்ட் வேரியபிள் ஒன்றை, அதாவது கோடுக்கு வெளியே பெயரும் மதிப்புமாக வைக்கும் செட்டிங் ஒன்றை, வைத்துவிடுங்கள், கோடு அதைப் படித்துக்கொள்ளும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அங்கேயே இருக்கட்டும், கோடைச் சேமித்துவைக்கும் கிட்டில் (Git) ஏற்றவே வேண்டாம். அப்புறம், வேரியபிள் இல்லாவிட்டால் புரொடக்‌ஷன் என்றே எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள், மறந்துபோனாலும் ஆபத்து குறைவு.

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி மாதிரி பிரவுசரில் ஓடும் கோடில் என்விரான்மென்ட் வேரியபிளாக வைத்தால் ரகசியம் பத்திரம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, பில்ட் செய்யும்போது, அதாவது பிரவுசருக்கு அனுப்பும் ஃபைல்களாகக் கோடைத் தொகுக்கும்போது, அது ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.