எல்லா எலெக்ட்ரானையும் விசாரிக்க வேண்டியதில்லை

கேள்வி: ஆர்கான் வாயுவில் நடக்கும் மின்னிறக்கத்தை (வாயு வழியே மின்சாரம் பாய்வதை), எலெக்ட்ரான்களைத் தனித்தனியாகப் பின்தொடரும் துகள் முறையில் சிமுலேஷன் செய்கிறேன். காலப்படி, அதாவது கணக்கு ஒரு தடவை முன்னேறும் நேரம், 0.1 நானோநொடி. 1 பாஸ்கல் அழுத்தத்தில் விடை சரியாக இருக்கிறது, ஆனால் மோதல் கணக்கே பாதி நேரத்தைத் தின்கிறது. 100 பாஸ்கலில் அயனியாக்கம் குறைவாக வருகிறது. எங்கே தவறு?

பதில்: முதலில் நேரத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு எலெக்ட்ரானின் ஆற்றலையும் கணக்கிட்டு, அட்டவணையில் மோதல் குறுக்குவெட்டைத் (அந்த ஆற்றலில் அணுவோடு மோதும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் எண்) தேடி, ரேண்டம் எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை அந்தப் படியில் எதன்மேலும் மோதப்போவதில்லை.

இதற்குத் தீர்வு 'வெற்று மோதல்' முறை. 1968-இல் இயற்பியலாளர் ஸ்குலெருட் அயனிகளுக்காக எழுதியது. எலெக்ட்ரானுக்கும் அப்படியே பொருந்தும். எந்த ஆற்றலிலும் மோதல் வீதம் தாண்டாத ஓர் உச்சவரம்பைத் தொடக்கத்திலேயே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையில் 1 பாஸ்கல் ஆர்கானுக்கு அது நொடிக்குச் சுமார் 12 கோடி. உங்கள் காலப்படியில் நூறு எலெக்ட்ரானுக்கு ஒன்றிரண்டைக் குலுக்கலில் எடுத்தால் போதும். எடுத்தவற்றுக்கு மட்டும் உண்மையான வீதத்தைக் கண்டு, உச்சவரம்போடு உள்ள விகிதப்படி மோதலா, வெற்றா என்று முடிவு செய்யுங்கள். வெற்று என்றால் எலெக்ட்ரானைத் தொடாமல் விட்டுவிடலாம்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குறுக்குவெட்டின் உச்சத்தை எடுத்துவிடுவார்கள். எடுக்க வேண்டியது குறுக்குவெட்டையும் வேகத்தையும் பெருக்கி வரும் தொகையின் உச்சம். ஆர்கானில் குறுக்குவெட்டு பத்துப் பதினைந்து எலெக்ட்ரான் வோல்ட் பக்கம் உச்சம் தொடுகிறது. பெருக்குத்தொகையோ அதற்கப்பாலும் கொஞ்சம் ஏறிய பிறகுதான் இறங்கும். உச்சவரம்பு தாழ்ந்துவிட்டால் விகிதம் 1-ஐத் தாண்டும், நிரலோ வாயே திறக்காது. அங்கே ஒரு எச்சரிக்கை வரி போட்டுவையுங்கள்.

சரி, 100 பாஸ்கல். வீதம் நூறு மடங்காகி நொடிக்கு 1200 கோடி. ஒரு காலப்படியில் வேகமான எலெக்ட்ரான் சராசரியாக 1.2 முறை மோத வேண்டும். உங்கள் நிரலோ படிக்கு ஒரு மோதலுக்கு மேல் அனுமதிக்காது, ஆகவே ஒரு முறையாவது மோதும் வாய்ப்பான 0.7 மட்டுமே பதிவாகிறது. காணாமல் போனவற்றில் அயனியாக்கமும் அடக்கம். ஒரு படியில் மோதும் நிகழ்தகவு 0.1-க்குக் கீழே இருக்கும்படி காலப்படியை 8 பிக்கோநொடி அளவுக்குக் குறையுங்கள்.

அப்புறம், மோதல் பகுதியைத் தனியாகச் சோதிக்க, மின்புலத்தை அணைத்துவிட்டு ஒரே ஆற்றலுள்ள எலெக்ட்ரான் கற்றையை வாயுவுக்குள் விட்டுப் பாருங்கள். இன்னும் மோதாதவற்றின் எண்ணிக்கை தூரத்தோடு எக்ஸ்பொனென்ஷியலாகக் குறைய வேண்டும். அதன் சரிவு அட்டவணைக் குறுக்குவெட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால், பிளாஸ்மாவைத் தொடவே வேண்டாம். பிழை மோதல் பகுதியில்தான்.