புதிய ஸ்டார்ட்அப்பைச் சீக்கிரமாக, குறைந்த செலவில் கம்பெனியாகப் பதிவு செய்வது எப்படி?

நானும் நண்பனும் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையை முகவரியாகக் கொடுத்து ஒரு பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்தோம். காசிமேட்டு மீன் வியாபாரிகள் ஐஸ் கணக்கும் பாக்கிக் கணக்கும் எழுதிவைக்க ஒரு செயலி, அதுதான் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அரசாங்கத்துக்குக் கட்டும் பணம் ரொம்பக் குறைவு. நம் வீட்டு பீரோவில் இருக்கும் காகிதங்கள்தான் நாள்கணக்கில் இழுத்தடிக்கும்.

முதலில் இனிஷியல். என் ஆதாரில் பெயருக்கு முன்னால் வெறும் 'எஸ்.'. பான் கார்டில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள் என்பதால் அப்பா பெயர் முழுதாக இருந்தது. ஆன்லைன் படிவங்களில் போட வேண்டிய டிஜிட்டல் கையெழுத்தை வாங்கப் போனபோது இரண்டும் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். ஆதாரைத் திருத்தி வாங்குவதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது. இன்றைக்கே இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

அடுத்தது இ.பி. பில். இரண்டு மாதத்துக்கு மேல் பழசாகாத பில் வேண்டும், வீட்டுக்காரரின் தடையில்லாச் சான்றும் வேண்டும். எங்கள் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வாரிசுச் சான்றிதழை வைத்து அம்மா பெயருக்கு மாற்றினோம். தாத்தா பெயர் போட்ட கடைசி பில்லை அம்மா கிழிக்க விடவில்லை, மடித்துப் பீரோவிலேயே வைத்துக்கொண்டார். வாடகை வீடு என்றால் ஓனரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். கம்பெனி என்றதும் பலர் பயப்படுகிறார்கள்.

பெயர் விஷயத்தில், ஏற்கெனவே இருக்கும் கம்பெனிப் பெயரில் இடைவெளி விடுவதாலோ பன்மை ஆக்குவதாலோ அது புதுப் பெயர் ஆகாது. டிரேட்மார்க் தேடலிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, செலவு. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்.சி.ஏ.) தளத்தில் ஸ்பைஸ் பிளஸ் என்ற ஒரே படிவம். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம், அதாவது கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்சவரம்பு, 15 லட்சம் வரை இருந்தால் பதிவுக் கட்டணம் கிடையாது. குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனையையும் 2015இல் எடுத்துவிட்டார்கள். நாங்கள் 10,000 ரூபாய் போட்டோம். கம்பெனிக்கான பான் எண்ணும், வரிப் பிடித்தம் செய்யத் தேவையான டான் எண்ணும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். முத்திரை வரி, ஆளுக்கொரு டிஜிட்டல் கையெழுத்து, ஆடிட்டர் கட்டணம், இவைதான் மிச்சம். ஆடிட்டரோ கம்பெனி செக்ரட்டரியோ வக்கீலோ சான்றளிக்காமல் படிவம் போகாது. எல்லாம் சேர்த்து 18,000 கேட்டார் ஒருவர். காகிதங்களை நாங்களே தயார்செய்து கொண்டுபோனதால் மண்ணடியில் இன்னொருவர் 5,000க்குச் செய்துகொடுத்தார்.

ஆனால் தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு, முதலீட்டாளரும் இல்லையென்றால், இப்போதைக்குக் கம்பெனியே வேண்டாம் என்பது என் கருத்து. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதை வைத்து ஆரம்பியுங்கள். கம்பெனி என்றால் வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் வருடாவருடம் ஆடிட் உண்டு. ஆண்டுப் படிவங்கள் தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய்.

இருவராக இறங்குகிறீர்கள் என்றால் தைரியமாகப் பதிவு செய்யுங்கள். சான்றிதழ் வந்த 30 நாளுக்குள் ஆடிட்டரை நியமியுங்கள். அப்புறம் இருவரும் பங்குப் பணத்தைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் போட்டு, அந்த ஸ்டேட்மென்ட்டோடு 180 நாளுக்குள் தொழில் தொடங்குவதை அறிவிக்கும் ஐ.என்.சி. 20ஏ படிவத்தைத் தாக்கல் செய்துவிடுங்கள். அதை விட்டால் கம்பெனிக்கு அபராதம் 50,000 ரூபாய்.