நாடகத்துக்குள் எப்படி நுழைவது? வந்த கேள்விகளும் என் பதில்களும்

சென்னையிலும் புதுச்சேரியிலுமாக மேடை நிர்வாகம், லைட்டிங், பயிற்சிப் பட்டறை என்று பல வருடமாக நாடகத்தை நம்பியே வாழ்கிறேன். நாடகம் படித்தவர்களும் படிக்காமல் ஆசையோடு நிற்பவர்களும் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (முதுகலை நாடகம் இறுதியாண்டு, புதுச்சேரி): அக்கா, மே மாதத்தோடு படிப்பு முடிகிறது. அடுத்து எங்கே போய் நிற்பது? எந்தக் குழுவும் ஆள் தேவை என்று விளம்பரம் போட்டு நான் பார்த்ததே இல்லை.

விளம்பரம் வராது, அதற்காகக் காத்திருக்காதீர்கள். தமிழில் மாதச் சம்பளம் கொடுத்து நடிகர்களை வைத்திருக்கிற குழுக்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், ஷோவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், அல்லது அவருக்கு ஷூட்டிங் வந்துவிடும். அப்போது இயக்குநர் கூப்பிடுவது தனக்கு முகம் தெரிந்த, சொன்ன நேரத்துக்கு ஒத்திகைக்கு வந்து நிற்பார் என்று நம்பிக்கை உள்ள ஒருவரைத்தான். அந்த ஆளாக நீங்கள் ஆகவேண்டும்.

அதற்கு, உங்களுக்கு உண்மையாகவே பிடித்த இரண்டு குழுக்களைத் தேர்ந்தெடுங்கள், இருபது குழு வேண்டாம். அவர்கள் நாடகத்தைப் போய்ப் பாருங்கள். முடிந்ததும் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பாமல், செட்டைப் பிரிக்க ஒரு கை கொடுக்கலாமா என்று கேளுங்கள். யாரும் வேண்டாம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. முதல் மெசேஜிலேயே ரோல் கேட்காதீர்கள். என்ன படித்தீர்கள், எந்த நாடகத்தில் என்ன வேலை செய்தீர்கள், வாரத்தில் எந்த நாட்கள் வரமுடியும், பறை அடிக்கத் தெரியுமா, தையல் தெரியுமா, வண்டி ஓட்டத் தெரியுமா, இவ்வளவு போதும்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் முதல் குழு உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுவீர்கள், அப்புறம் சேர்க்கவே முடியாது. அதற்கு முன்னால் மூன்று பேர் சேர்ந்து, முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற, பொருட்கள் எல்லாம் இரண்டு பைக்குள் அடங்கி அரசுப் பேருந்தில் கொண்டுபோகக்கூடிய ஒரு நாடகத்தைச் செய்துவிடுங்கள். பள்ளி, நூலகம், கல்லூரி என்று எங்கே கூப்பிட்டாலும் போடலாம். மதிப்பெண் பட்டியலைவிட அந்த நாடகம்தான் உங்களை நாலு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கேள்வி (ஐடி வேலை, 27 வயது, கோயம்புத்தூர்): வேலையை விட்டுவிட்டு தேசிய நாடகப் பள்ளிக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறேன். என்ன தேவை?

தில்லியில் 1959-இல் தொடங்கிய பள்ளி அது. மூன்று வருடப் படிப்பு. ஏதாவது ஒரு பட்டம், குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கெடுத்த அனுபவம், இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் சமாளிக்கிற அளவு பழக்கம், இவ்வளவும் கேட்பார்கள். வயது வரம்பு 30. முதல் கட்டத் தேர்வு பல ஊர்களில் நடக்கும், அதில் தேறியவர்களைத் தில்லிக்கு வரவழைத்துச் சில நாட்கள் பட்டறை நடத்திப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நாடு முழுக்கச் சேர்த்து இடங்கள் முப்பதைச் சுற்றித்தான்.

நீங்கள் இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். ஆறு நாடகம் என்பது கோவையில் இருந்துகொண்டே சனி, ஞாயிறு ஒத்திகையில் செய்யக்கூடியதுதான். அந்த ஆறையும் சும்மா கணக்குக்காகச் செய்யாமல், ஒன்றில் நடிப்பு, ஒன்றில் மேடை நிர்வாகம், ஒன்றில் இசை என்று மாற்றிச் செய்யுங்கள், நேர்காணலில் பேச நிஜமாகவே விஷயம் இருக்கும். தில்லி மட்டுமே வழி என்றும் நினைக்கவேண்டாம். அதே பள்ளியின் பெங்களூரு மையத்தில் தென் மாநிலத்தவருக்கென ஒரு வருட நடிப்புப் பயிற்சி உண்டு. கர்நாடகத்தில் சாகர் பக்கத்தில் ஹெக்கோடு என்ற சிற்றூரில் நீநாசம் என்ற நாடக அமைப்பு இருக்கிறது. கே.வி. சுப்பண்ணா 1949-இல் ஆரம்பித்தது, 1980-இலிருந்து நாடகப் பயிற்சிப் பள்ளியும் நடக்கிறது. கன்னடத்தில்தான் சொல்லித்தருவார்கள். ஆனால் அவர்களுடைய 'திருகாட்ட' என்ற பயணக் குழு 1985 முதல் ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிறது. இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர் என்று மாதக்கணக்கில் ஆடும்போது ஒரு நடிகருக்குக் கிடைக்கிற உரம் வேறு எங்கும் கிடைக்காது. தமிழில் அப்படி ஒன்று இல்லையே என்று எனக்கு ஒவ்வொரு வருடமும் வருத்தம்தான்.

கேள்வி: எனக்கு 34. தாமதமாகிவிட்டதா?

தேசிய நாடகப் பள்ளிக்குத் தாமதம். நாடகத்துக்கு இல்லை. அப்பா, மாமனார், தலைமையாசிரியர் வேடங்களுக்கு இருபது வயதுப் பையன்கள் பவுடர் அப்பிக்கொண்டு நிற்கிறார்கள், உங்களைப் போன்றவர்கள் வந்தால் இயக்குநர்கள் சந்தோஷப்படுவார்கள்.

கேள்வி (கல்யாண லைட்டிங் வேலை, தேனி): அண்ணனுடைய லைட் கடையில் ஐந்து வருடமாக இருக்கிறேன். நாடகத்துக்கு லைட் போட ஆசை. நடிக்கத் தெரியாதவனை உள்ளே விடுவார்களா?

தம்பி, வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். விடுவார்களாவா? தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏணியில் ஏறுவது, கேபிள் இழுப்பது, விளக்குகளைக் கட்டுப்படுத்த டிஎம்எக்ஸ் முகவரி வைப்பது, லோடு கணக்குப் பார்ப்பது எல்லாம் உங்களுக்கு இப்போதே தெரியும். 15 ஆம்பியர் லைனில் 1000 வாட் விளக்கு மூன்றுக்கு மேல் மாட்டக்கூடாது என்பதைக்கூட நாடகம் படித்த பிள்ளைகளுக்கு நான் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நீங்கள் புதிதாகக் கற்கவேண்டியது வேறு. கல்யாண மேடையில் எல்லாம் தெரியவேண்டும், நாடகத்தில் எதைத் தெரியாமல் வைப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. நேரே முன்னாலிருந்து அடித்தால் முகம் தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து அடித்துப் பாருங்கள், உடம்பு எழுந்து நிற்கும். கறுத்த தோலுக்கு எந்த நிறம் உயிர் கொடுக்கிறது, எந்த நிறம் சாம்பல் பூசியதுபோல் ஆக்குகிறது என்பதை நம் நடிகர்களை நிறுத்தி வைத்துக் கண்ணால் பார்த்துத்தான் கற்கமுடியும். வெளிநாட்டுப் பாடங்களில் உதாரணமாக வருகிற முகங்கள் பெரும்பாலும் நம் முகங்கள் இல்லை. ஒரு விளக்கு நான்கு நொடியில் அணைவதற்கும் பன்னிரண்டு நொடியில் அணைவதற்கும் காட்சியின் அர்த்தமே மாறும். இதற்கு நாடகத்தை ஒத்திகையிலிருந்தே உட்கார்ந்து பார்க்கவேண்டும், எந்த இடத்தில் எந்த விளக்கு என்று குறித்துவைக்கிற க்யூ ஷீட்டை நீங்களே எழுதவேண்டும்.

மதுரையிலோ சென்னையிலோ ஒரு ஒளியமைப்பாளரோடு ஆறு மாதம் உதவியாளராகப் போங்கள். அரங்கத்தின் எலக்ட்ரீஷியனை முதலில் மரியாதையாகப் பார்த்துப் பேசுங்கள், அவரைக் கேட்காமல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரைத் தொடாதீர்கள். அந்த ஹாலில் எந்த லைன் ஏமாற்றும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வருமானத்தைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்கிறேன், நடிகர்களைவிட உங்களுக்கு நிலைமை நன்றாக இருக்கும். பரதநாட்டிய அரங்கேற்றங்களும் மார்கழி நாட்டிய நிகழ்ச்சிகளும் லைட்டுக்குக் காசு கொடுக்கின்றன. நாடகத்தில் பழகிய கண்ணுக்கு அங்கே நல்ல மதிப்பு.

கேள்வி (விழுப்புரம் மாவட்டம், பட்டதாரிப் பெண்): அப்பா கூத்து வாத்தியார். எனக்கு அடவும் பாட்டும் தெரியும். பெண் பிள்ளை கூத்து கட்டக்கூடாது என்கிறார். நவீன நாடகக்காரர்களோ வந்து இரண்டு நாள் கற்றுக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் எங்கே சேர்வது?

இரண்டு பக்கமும் உங்களை வெளியே நிறுத்துகிறது என்று புரிகிறது. அப்பாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். காஞ்சிபுரத்தில் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண் பிள்ளைகளுக்கும் முறையாகக் கூத்து கற்றுக்கொடுத்தது, அவர்கள் விடிய விடிய ஆடினார்கள். முடிந்தால் அப்பாவையே அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பேசவையுங்கள், உங்கள் வாதத்தைவிட அது அதிகம் வேலை செய்யும். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற கூத்து ஊரான புரிசைக்கும் போய்ப் பாருங்கள். அந்த ஊர்க் கூத்து ஆசான் கண்ணப்ப தம்பிரானுடைய வழியில் வந்தவர்கள், கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி போன்றவர்களோடு வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள், கூத்தும் நவீன நாடகமும் சந்தித்த இடம் அது.

நவீனக் குழு உங்களைக் கூப்பிட்டால், விருந்தாளியாகப் போகாதீர்கள், பயிற்றுநராகப் போங்கள். எத்தனை நாள், எவ்வளவு சம்பளம், அறிவிப்பில் உங்கள் பெயரும் அப்பாவின் பெயரும் எப்படி வரும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். திறந்த வெளியில் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல், எட்டு மணி நேரம் தாங்குகிற மூச்சு, இதற்காகத்தான் நாடகப் பள்ளிகளில் மூன்று வருடம் பாடுபடுகிறார்கள், அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யவில்லை என்றால் அப்பாவையும் சேர்த்து இந்த மாதமே செய்யுங்கள்.

கேள்வி (ஒரு அம்மா, மதுரை): 19 வயது மகள் நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். ஒத்திகை முடிய இரவு பத்தாகிறது. பயமாக இருக்கிறது, தடுக்கவும் மனமில்லை.

தடுக்காதீர்கள் அம்மா. ஆனால் கேள்வி கேளுங்கள், நல்ல குழு கேள்விக்குக் கோபப்படாது. ஒத்திகை எங்கே, யார் யார் இருப்பார்கள், எப்படி வீடு திரும்புவாள்? ஒருநாள் நீங்களே போய் உட்கார்ந்து பாருங்கள். இயக்குநர் தனியாக வரச்சொல்கிறார், தொடுகிற பயிற்சிக்குச் சம்மதம் கேட்பதில்லை, மறுத்தால் "உனக்குக் கலை வராது" என்கிறார் என்றால் அந்தக் குழு வேண்டாம். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களுக்கும் பயிற்சி பெறுபவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள இடங்களில் உள்ளகப் புகார்க் குழு இருக்காது, நாடகக் குழுக்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அப்போது மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம், நடந்து மூன்று மாதத்துக்குள். மகளிடம் இதைச் சொல்லிவையுங்கள், சொல்வதாலேயே அவளுக்கு ஒரு தைரியம் வரும்.

கேள்வி: நாடகத்துக்குப் போனால் சினிமா வாய்ப்பு வருமா?

வரலாம். கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் போனார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் மற்ற மூவரும் அதற்கு முன்னால் வருடக்கணக்கில் மேடையில் உழைத்தவர்கள், அதை யாரும் சொல்வதில்லை. ஆறு மாதத்தில் சினிமா என்று கணக்குப் போட்டு வருபவர் ஒத்திகையில் பாதி மனதோடு நிற்பார், கூட நடிப்பவருக்கு அது அன்றைக்கே தெரிந்துவிடும்.

கேள்வி (சென்னை): நான்கு வருடமாக ஒரே குழு. டீயும் பன்னும்தான் சம்பளம். காசு கேட்டால் "இது சேவை" என்கிறார்கள்.

டிக்கெட் விற்கிற நாடகம் சேவை இல்லை. நூறு பேர் வந்து ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தால் 20,000 ரூபாய். ஹால், லைட், வேன் போனால் கையில் ஒன்றும் நிற்காமல் போகலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கை நடிகர்களுக்குக் காட்டவேண்டும். கணக்கைக் காட்டி "இன்றைக்கு 300 ரூபாய்தான்" என்று சொல்கிற குழுவை நம்பிப் பத்து வருடம்கூட இருக்கலாம். கணக்கைக் கேட்டதும் முகம் மாறுகிற இடத்தில் இந்த ஷோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 500 ரூபாய் வரையிலான நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் வரியைக் காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் உதவித்தொகை தருகிறது, 25 முதல் 40 வரை ஜூனியர் ஃபெலோஷிப் மாதம் 10,000 ரூபாய். பெங்களூருவில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் புது முயற்சிகளுக்கு நிதி தருகிறது. இதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் செய்ததற்கு ஆதாரம். அதனால் நோட்டீஸ், பத்திரிகைச் செய்தி, நல்ல வீடியோ எல்லாவற்றையும் தேதியோடு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

கேள்வி (கல்லூரி நாடகக் குழு): ஒரு சிறுகதையை நாடகமாக்கியிருக்கிறோம். யாரிடம் அனுமதி வாங்குவது? போலீஸ் அனுமதியும் வேண்டுமா?

ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் மட்டும் பார்க்கிற நிகழ்ச்சி என்றால் சட்டத்தில் விலக்கு உண்டு. வெளியே டிக்கெட் போட்டால் எழுத்தாளரிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்து மூலம் வாங்குங்கள். உரிமை எழுத்தாளர் இறந்தபின் 60 ஆண்டு வரை இருக்கும். பாரதியார், புதுமைப்பித்தன் போல நாட்டுடைமை ஆனவர்களுக்கு அனுமதி தேவையில்லை. ஷேக்ஸ்பியருக்கும் வேண்டாம், ஆனால் அவருடைய தமிழ் மொழிபெயர்ப்புக்கு வேண்டியிருக்கலாம், இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிரதியைப் போலீசிடம் காட்டி அனுமதி வாங்கவைத்த 1954 தமிழ்நாடு சட்டத்தின் பிரிவுகளை, பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சில ஹால்காரர்கள் இன்னும் பழைய பழக்கத்தில் கேட்பார்கள், இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): அடுத்த ஞாயிறு சென்னையில் முதல் ஆடிஷன். என் பேச்சில் ஊர்வாடை வருகிறது. மாற்றிக்கொள்ளவா?

மாற்றாதீர்கள். சபா நாடகப் பேச்சு, மேடைத் தமிழ், உங்கள் ஊர்ப் பேச்சு மூன்றையும் தேவைக்குத் தகுந்தபடி பேசத் தெரிந்தால் போதும், உங்களுடையதை அழிக்கவேண்டாம். ஒரு நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என இரண்டு பகுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஒன்று ஊர்த் தமிழிலேயே இருக்கட்டும். அழுகிற காட்சியை எடுக்காதீர்கள், அன்றைக்கு வரும் முக்கால்வாசிப் பேர் அழுவார்கள். யாரிடமோ எதையோ கேட்டு வாங்க முயற்சிக்கிற காட்சியாக எடுங்கள். தரையில் உட்கார்ந்து எழ வசதியான உடை, தண்ணீர் பாட்டில், முந்தின இரவு ரயிலில் வந்தால் தூங்க ஒரு இடம். பாதியில் நிறுத்தி "இதையே கோபமில்லாமல் செய்" என்று இயக்குநர் சொன்னால் பயப்படாதீர்கள், பிடிக்காவிட்டால் "நன்றி" என்று சொல்லி அனுப்பியிருப்பார். திரும்பச் செய்யும்போது நிஜமாகவே வேறு மாதிரி செய்யுங்கள், அவர் பார்க்க நினைப்பது அதைத்தான்.