வெளுத்த பவளம் செத்த பவளமா?

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். மே மாதம் தீவோரப் பவளப்பார் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துக் கிடந்தது. செத்துவிட்டதா? புயலில் உடைந்து கிடக்கும் பவளக் கொம்புகளை எடுத்து நட்டால் பிழைக்குமா?"

வெளுத்ததெல்லாம் செத்ததல்ல. நாம் பார்க்கும் பவளத்தின் நிறம் பெரும்பாலும் அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையது. வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்கு ஊட்டுவதும் அந்தப் பாசிதான். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிடக் கடல் 1 டிகிரி கூடிச் சில வாரம் அப்படியே நின்றால், பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது கண்ணாடி போன்ற தசையும், அதன் வழியே தெரியும் சுண்ணாம்புக் கூடும். பட்டினி கிடக்கிறது, ஆனால் உயிர் இருக்கிறது.

நீருக்குள் பார்க்கும் முகமூடி போட்டுக் கிட்டத்தில் பாருங்கள், தொட வேண்டாம். வெண்மை பளிச்சென்று இருந்தால் நம்பிக்கை உண்டு. பச்சையாகவோ பழுப்பாகவோ பாசி மயிர் படர்ந்திருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. மான்கொம்பு போல் கிளைத்தவைதான் முதலில் சாகும். உருண்டைப் பவளங்கள் தாக்குப்பிடிக்கும். 2016 வெளுப்பில் மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகச் சுருங்கியது.

புயல் கடலைக் கலக்கி அடிநீரை மேலே கொண்டுவந்து சூட்டைத் தணிக்கும் என்பது உண்மைதான். நமக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. வெளுப்பு கோடையில் வருகிறது. புரெவி போன்ற புயல்கள் டிசம்பரில் வருகின்றன. அதற்குள் செத்த கொம்புகளைப் புழுக்களும் கடற்பஞ்சுகளும் துளைத்திருக்கும், சின்ன அலைக்கே முறியும். முறிந்த துண்டுகள் அலையில் உருண்டுகொண்டே இருந்தால் புதிய பவளக் குஞ்சு ஒட்டுவதற்கு இடமிருக்காது.

உயிருள்ள துண்டை அசையாத தளத்தில் கட்டினால் வளரும். ஆய்வாளர்கள் கான்கிரீட் சட்டங்களில் அதைத்தான் செய்கிறார்கள். நீங்கள் செய்யாதீர்கள். தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா; பவளமோ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த துண்டை எடுத்தாலும் வழக்குதான்.

உங்களால் முடிந்தது வேறு. நங்கூரத்தை மணலில் போடுங்கள். மீன்கூட்டின் மேல் பாரமாகப் பவளக்கல் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். செத்த பவளத்தில் படரும் பாசியை மேயும் ஓரா மீனையும் கிளிமீனையும் வெளுத்த பாரில் கொஞ்ச காலம் பிடிக்காமல் விட்டால், புதிய பவளத்துக்கு இடம் கிடைக்கும். ஜிபிஎஸ்ஸில் அந்த இடத்தைக் குறித்துவைத்து, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் மறுபடி போய்ப் பாருங்கள். பாசி மயிர் படராமல், தசையிலேயே பழுப்பு நிறம் திரும்பியிருந்தால் பிழைத்துக்கொண்டது.