‘டேக்’ படுத்தும் பாடு

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ்டவுனில் ஞாயிறுதோறும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த வாரக் கேள்விகள் எல்லாம் ‘டேக்’ என்ற வினைச்சொல்லைப் பற்றியவை.

பட்டர்வொர்த், தொழிற்சாலை ஊழியர்: டீச்சர், ‘டேக்’ என்றால் ‘எடு’ என்றுதானே படித்தோம்? “பினாங்குப் பாலத்தைக் கடக்க 40 நிமிடம் எடுத்தது” என்று என் மகள் எழுதியதைத் தமிழாசிரியர் அடித்துவிட்டார்.

13.5 கிலோமீட்டருக்கு 40 நிமிடமா? வெள்ளிக்கிழமை மாலையாக இருக்கும். ‘எடுத்தது’ என்று இன்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் எனக்கும் அந்த ஆசிரியரின் காதுதான்: நேரம் பிடிக்கும், பஸ்ஸைப் பிடிப்போம். படம் எடுப்போம், விடுப்பு எடுப்போம். மாத்திரையைச் சாப்பிடுவோம், தேர்வை எழுதுவோம், உறுதிமொழியை ஏற்போம். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘டேக்’ ஒன்றே போதும். எனவே அதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லோடு சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ், அலுவலக எழுத்தர்: “ஐ பிராட் மை மதர் டு தி கிளினிக்” என்றேன். மேலாளர் ‘டேக்’கின் இறந்தகாலமான ‘டுக்’ என்று திருத்தினார். நாம் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம்?

பேசுகிறோம். மலாயில் ‘பாவா’ என்ற ஒரே சொல் கொண்டுவருவதற்கும் கொண்டுபோவதற்கும் பொதுவானது. அந்தப் பழக்கம் நம் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. இந்த இடத்தில் மலாயை மறந்துவிட்டுத் தமிழில் யோசியுங்கள். கிளினிக்கில் நின்றுகொண்டு நர்ஸிடம் “அம்மாவை அழைத்து வந்திருக்கிறேன்” என்றால் ‘பிராட்’ சரி. மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து “அழைத்துப் போனேன்” என்றால் ‘டுக்’. ‘வா’, ‘போ’ என்ற வேறுபாட்டை நம் மொழி முன்பே கற்றுக்கொடுத்துவிட்டது.

எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளியிறுதித் தேர்வு) மாணவி: ‘டேக் ஆஃப்’ விமானத்துக்கா, காலணிக்கா?

இரண்டுக்கும்தான். விமானம் தானே கிளம்பும். காலணியை யாராவது கழற்ற வேண்டும். அதனால் எதைக் கழற்றுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “ஓப்பன் யுவர் ஷூஸ்” என்பது ‘புக்கா காசுட்’ என்ற மலாய் வழக்கின் நேர்ப் பெயர்ப்பு. தேர்வில் எழுதிவிடாதே. என் வீட்டு வாசலில் தினமும் அதுதான் கேட்கும், சொல்பவளும் நானே.

பிரிக்பீல்ட்ஸ், இல்லத்தரசி: “ஹேவ் யூ டேக்கன் யுவர் லஞ்ச்?” தவறா?

புரியும். ஆனால் மருந்துக்கு ‘டேக்’, சோற்றுக்கு ‘ஹேவ்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயர் ஈத்தாம், ஓய்வுபெற்றவர்: இந்தச் சொல் எங்கிருந்து வந்ததம்மா?

வட ஐரோப்பியக் கடலோடிகளான வைகிங்குகளோடு கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்தது, ஐயா. அவர்களின் பழைய நார்ஸ் மொழியில் அது ‘டாக்கா’. அதற்கு முன் இங்கிலாந்துக்காரர்கள் ‘நிமன்’ என்றார்கள். ஜெர்மனியில் இன்றும் ‘நேமென்’தான். வந்த சொல் நிலைத்தது, இருந்த சொல் மறைந்தது. பல் மருத்துவர் ஊசி போட்டதும் உதடு மரத்து ‘நம்’ ஆகிவிட்டது என்கிறோமே, அதில் இன்னும் பழைய ‘நிமன்’ ஒளிந்திருக்கிறது: உணர்வு எடுக்கப்பட்ட உதடு.