காணாமல் போகாத ஓட்டக்காரர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஷிஸோ கனகுரி என்ற ஜப்பானியர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் பாதி வழியில் யார் வீட்டிலோ பழரசம் குடித்துத் தூங்கிவிட்டு, அவமானம் தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் ஊர் திரும்பிவிட்டாராம். ஸ்வீடனில் 50 ஆண்டுகள் தேடினார்களாம். வாட்ஸ்அப்பில் வந்தது. இப்படி ஓடிப்போனவரை ஜப்பானில் 'மாரத்தானின் தந்தை' என்கிறார்களே, ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பழரசம் வரைக்கும் சரி. தேடியதுதான் இடிக்கிறது. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அதே பெயரில் மாரத்தான் ஓடி 16ஆவதாக வந்தவர் கனகுரி. 1924இல் பாரிஸிலும் ஓடினார், முடிக்கவில்லை. காணாமல் போனவர் இப்படியா ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் வந்து நிற்பார்? ஸ்டாக்ஹோமில் விலகியதை முறைப்படி அதிகாரிகளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று நிழலிலேயே 32 டிகிரி வெயில். ஓடத் தொடங்கிய 68 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் முடிக்கவில்லை. போர்ச்சுகலின் லாசரோ மயங்கி விழுந்து மறுநாள் இறந்தே போனார். கப்பலிலும் சைபீரிய ரயிலிலும் 18 நாள் பயணம் செய்து வந்திருந்த இருபது வயது மாணவன் கனகுரி, 27 கிலோமீட்டர் வாக்கில் சுருண்டு விழுந்ததை ஓடிப்போனது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காலில் போட்டிருந்தது 'தாபி'. கட்டைவிரலுக்குத் தனி இடம் விட்டுத் தைத்த துணிக் காலணி. 1911 நவம்பரில் ஹானேதாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் அது வழியிலேயே பிய்ந்துபோக, மிச்சத்தை வெறுங்காலில் ஓடி ஜெயித்தார். 25 மைல், 2 மணி 32 நிமிடம் 45 வினாடி. உலகச் சாதனையை 27 நிமிடம் முந்திவிட்டார் என்றார்கள். அந்தப் பாதையை அளந்தவர்மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அது கிடக்கட்டும்.

உங்கள் கேள்விக்கான பதில் 1920 பிப்ரவரியில் இருக்கிறது. தன் ஒருவனால் ஆகாததை நூறு பேரைத் தயார் செய்துதான் சாதிக்க வேண்டும் என்று கனகுரிக்குப் புரிந்திருந்தது. டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்குப் போய்த் திரும்பும் அஞ்சல் ஓட்டத்தை (ரிலே) முன்னின்று தொடங்கினார். நான்கு கல்லூரிகள், இரண்டு நாள், கைமாற்றிக்கொள்ளக் கோலுக்குப் பதில் தோளில் குறுக்கே போடும் துணிப்பட்டை. மாணவர்கள் காலை வகுப்பை முடித்துவிட்டு வர வேண்டியிருந்ததால் மதியத்துக்கு மேல்தான் புறப்பட்டார்கள். மலையேறும்போது இருட்டிவிட்டது. உள்ளூர் இளைஞர்கள் தீப்பந்தம் பிடித்து வழிகாட்டினார்கள்.

இன்றைக்கு ஜனவரி 2, 3 தேதிகளில் ஜப்பானே டிவி முன்னால் உட்கார்ந்து பார்ப்பது இந்த ஓட்டத்தைத்தான். சுமார் 217 கிலோமீட்டர். அதில் சிறந்து ஓடும் மாணவருக்குத் தரும் கோப்பை கனகுரியின் பெயரில் இருக்கிறது.

1967இல் ஸ்வீடன்காரர்கள் கூப்பிட்டு 75 வயதில் எல்லைக்கோட்டைத் தாண்ட வைத்து, அந்த 1912 மாரத்தானை முடிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.379 வினாடி என்று அறிவித்தார்கள். நல்ல வேடிக்கை, கிழவரும் சிரித்துக்கொண்டே கலந்துகொண்டார். வாட்ஸ்அப்காரர்களுக்கு அந்த வேடிக்கை மட்டும் போதுமாக இருக்கிறது. நீங்கள் ஹகோனே ஓட்டத்தின் ஐந்தாம் கட்டத்தை, அந்த மலையேற்றத்தை, இணையத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அன்புடன்.