எத்திக்கல் ஹேக்கிங் கற்பது – கடிதம்

அண்ணா,

வணக்கம். நான் குடியாத்தம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். சாயந்திரம் ஒரு கடைக்காக சிசிடிவி கேமரா மாட்டப் போகிறேன். எத்திக்கல் ஹேக்கிங் கற்றுக்கொண்டு நெட்வொர்க் பெனட்ரேஷன் டெஸ்டிங், அதாவது கம்பெனி அனுமதியோடு அதன் நெட்வொர்க்கில் ஓட்டை தேடும் வேலைக்குப் போக ஆசை. வேலூரில் ஒரு சென்டரில் ஆறு மாதக் கோர்ஸுக்கு 75,000 ரூபாய் கேட்கிறார்கள். அப்பா கைலி நெய்கிறார். வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். யூடியூப் பார்த்து, ஹேக்கிங் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ் போட்டேன். பக்கத்து வீட்டு வைஃபையில் முயன்று பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான். இங்கிலீஷும் சுமார். எங்கே தொடங்குவது?

(பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

முதலில் பணம். அப்பாவை வட்டிக்கு வாங்க விடாதீர்கள். அடிப்படை தெரியாமல் கோர்ஸில் போய் உட்கார்ந்தால், ஆறு மாதமும் போர்டில் எழுதிய கமாண்டைப் பார்த்து அடித்துவிட்டு வருவீர்கள். அப்படி முடித்துவிட்டு என்னிடம் வேலை கேட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். இன்னொரு 4 ஜிபி ராம் வாங்கிப் போடுங்கள். ஒரு வருஷப் படிப்புக்கு அது தாங்கும்.

பக்கத்து வீட்டு வைஃபையை இன்றோடு விட்டுவிடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் பிரிவு 43, உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள்ளோ நெட்வொர்க்குக்குள்ளோ நுழைந்தாலே இழப்பீடு கேட்கலாம் என்கிறது. அதையே கெட்ட எண்ணத்தோடு செய்தால் பிரிவு 66-இன்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருவர் வீட்டைப் பூட்டாமல் போயிருந்தாலும் நாம் உள்ளே போவதில்லையே. நாளைக்கு ஒரு கம்பெனி தன் நெட்வொர்க்கை நம்பி உங்கள் கையில் கொடுக்க வேண்டும். அந்தக் கை இப்போதே சுத்தமாக இருக்கட்டும்.

சரி, எங்கே தொடங்குவது? காளியை மூடி வைத்துவிட்டு, நெட்வொர்க்கில் போகிற வருகிற பாக்கெட்டுகளை (தகவல் துண்டுகளை) வரி வரியாகக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறங்கள். வீட்டில் ரவுட்டர் இல்லையென்றால் உங்கள் போன் ஹாட்ஸ்பாட் போதும். வேறு எதையும் தொடாமல் பத்து நிமிடம் திரையையே பாருங்கள். 'ஹூ ஹேஸ் 192.168.1.1? டெல் 192.168.1.5' என்ற மாதிரி ஒரு வரி ஓடும் (இந்த எண்கள் நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள ஐபி முகவரி, உங்களுக்கு மாறும்). லேப்டாப் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுகிறது: "192.168.1.1 யாருங்க? 192.168.1.5-கிட்ட சொல்லுங்க." இதுதான் ஏஆர்பி, ஒரு எண் எந்தக் கருவியுடையது என்று கேட்டறிவது. 1982-இல் வகுத்த முறை, இன்றும் இதில்தான் வண்டி ஓடுகிறது. பதில் சொல்கிறவர் நிஜமாகவே அவர்தானா என்று இதில் யாரும் கேட்பதில்லை. கிளினிக்கில் "டோக்கன் 42 யாரு?" என்று கூப்பிட்டதும் எழுந்து வருகிறவரை, சீட்டைப் பார்க்காமலே டாக்டரிடம் அனுப்புகிற மாதிரி. ஏஆர்பி ஸ்பூஃபிங் என்று பெரிய பெயர் வைத்துச் சொல்லித் தருவது, சீட்டு பார்க்காத இந்தப் பழக்கத்தை வைத்து அடுத்தவர் பெயரில் பதில் சொல்லி ஏமாற்றுவதைத்தான். இதைக் கண்ணால் பார்த்தவனுக்கு அந்தத் தாக்குதலை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வயர்ஷார்க் ஓடும்போதே பிரவுசரில் ஒரு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். முதலில் 'இந்தத் தளத்தின் ஐபி எண் என்ன' என்று டிஎன்எஸ் கேள்வி போகும், பெரும்பாலும் 53-ஆம் போர்ட்டுக்கு (போர்ட் என்பது ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண் போட்ட வாசல்). அப்புறம் இணைப்பு தொடங்க, பல தளங்களில், சின், சின்-ஆக், ஆக் என்று மூன்று பாக்கெட். இவையெல்லாம் பிடிபட்ட பிறகு, எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று பார்க்கும் என்மேப்பைத் தொடுங்கள். ஒரு போர்ட் மூடியிருந்தால் ஏன் பதில் வருகிறது, ஃபயர்வால் தடுத்தால் ஏன் பதிலே வருவதில்லை என்று உங்களுக்கே விளங்கும். மொத்தம் 65,535 போர்ட் இருக்க, நாம் தனியாகச் சொல்லாவிட்டால் என்மேப் பார்ப்பது அதிகம் புழங்கும் 1,000-ஐ மட்டும். இது தெரியாமல் 'எல்லாம் பாதுகாப்பு' என்று எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பழகுவதற்கு உங்கள் லேப்டாப்பே போதும். லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் வர்ச்சுவல் பாக்ஸில் மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2 போடுங்கள். வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த மெஷின், 512 எம்பி ராமில் ஓடும். நெட்வொர்க்கை ஹோஸ்ட்-ஒன்லி என்று வையுங்கள், இன்டர்நெட் பக்கம் அது எட்டியே பார்க்கக் கூடாது. அதில் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற ஃபைல் அனுப்பும் சர்வர் நிரல் இருக்கும். 2011-இல் யாரோ அதன் டவுன்லோட் ஃபைலிலேயே பின்வாசல் வைத்துவிட்டார்கள். யூசர்நேமின் கடைசியில் சிரிக்கும் முகக் குறி வந்தால் 6200-ஆம் போர்ட் திறக்கும். மெட்டாஸ்ப்ளாய்ட் என்ற தாக்குதல் கருவி இதை ஒரு நொடியில் முடித்துவிடும், நீங்கள் அதைத் தொடாதீர்கள். கையால் செய்யுங்கள், பக்கத்தில் வயர்ஷார்க் ஓடட்டும்.

லினக்ஸ் கமாண்ட் பழக ஓவர்தவயர் தளத்தின் பாண்டிட் விளையாட்டு, இலவசம். வெளியே ஒரு சர்வரை ஸ்கேன் செய்து பார்க்க ஆசை வந்தால், என்மேப் குழுவே ஸ்கேன்மி என்று ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. நாளைக்குச் சில முறை போதும் என்று கேட்டிருக்கிறார்கள், அந்த மரியாதையைக் காப்பாற்றுங்கள்.

அனுமதி என்பது வெறும் கையெழுத்து இல்லை. சில வருஷம் முன் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் டெஸ்டிங் செய்தேன். எழுத்தில் அனுமதி இருந்தது. போர்ட்டில் ஓடும் நிரல் எந்த வெர்ஷன் என்று பார்க்கும்போது என்மேப் 9100-ஆம் போர்ட்டைத் தானாகவே விட்டுவிடும், அந்தப் போர்ட்டில் எது வந்தாலும் சில பிரிண்டர்கள் அச்சடித்துவிடும் என்பதால். எதுவும் விடுபடக் கூடாது என்று ஆல்போர்ட்ஸ் என்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பேக்கிங் பிரிவிலிருந்து ஓர் அம்மா கையில் தாள்களோடு வந்தார். "சார், இது எந்த ஆர்டர்?" ஒரு தாளின் தலையில் 'கெட்' என்று தொடங்கும் ஒற்றை வரி, கீழே முழுக்க வெள்ளை. என்மேப் கேட்ட கேள்வி அது. மற்ற தாள்களில் கிறுக்கல். பேக்கிங் லிஸ்ட் அந்தப் பிரிண்டரில்தான் வர வேண்டும், வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாவிடமும் டிரைவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து எதைத் தொடக் கூடாது, எந்த நேரத்தில் செய்யலாம், ஏதாவது நின்றுபோனால் யாருக்குப் போன் செய்வது, இந்த மூன்றும் எழுதாத கடிதத்தை வைத்துக்கொண்டு நான் லேப்டாப்பைத் திறப்பதில்லை.

இங்கிலீஷ் பற்றிப் பயம் வேண்டாம். ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். இந்த வேலையில் கடைசியில் கொடுப்பது ரிப்போர்ட்தான். தினமும் கண்டதை நோட்டில் தமிழில் எழுதுங்கள், அதையே இங்கிலீஷில் நாலு வரி எழுதிப் பாருங்கள்.

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன கேமரா வேலைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. 2016-இல் மிராய் என்ற நிரல் உலகம் முழுக்க கேமராக்களிலும், கேமரா படத்தைப் பதியும் டிவிஆர்களிலும், ரவுட்டர்களிலும் புகுந்தது. அதன் கையில் இருந்தது ஃபேக்டரியில் வைத்து அனுப்பிய சுமார் 60 யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள், அவ்வளவுதான். அந்த அக்டோபரில் அப்படிப் பிடித்த கருவிகள் ஒரே நேரத்தில் மோதியதில் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனமே திணறி, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. அந்த டிவிஆர்களையெல்லாம் உங்களைப் போல யாரோ ஒருவர்தான் மாட்டிவிட்டு வந்திருப்பார். ஓனர் போனில் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு வெளியிலிருந்து டிவிஆருக்கு வழி திறந்திருப்பார், பாஸ்வேர்டை அப்படியே விட்டிருப்பார்.

அடுத்த கடையில் கேமரா மாட்டும்போது உங்கள் முதலாளியிடமும் கடைக்காரரிடமும் சொல்லி, ஒரு தாளில் அனுமதி எழுதி வாங்குங்கள். அந்த டிவிஆரை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். எந்தப் போர்ட் திறந்திருக்கிறது, ஃபர்ம்வேர் (டிவிஆருக்குள் ஓடும் நிரல்) எந்த வெர்ஷன் என்று குறியுங்கள். புது பாஸ்வேர்டைக் கடைக்காரர் கையாலேயே போடச் சொல்லுங்கள், நீங்கள் திரும்பி நில்லுங்கள். தேவையில்லாத ஃபார்வர்டிங்கை எடுத்துவிடுங்கள். செய்ததை அவருக்குப் புரிகிற மாதிரி அரைப் பக்கம் எழுதிக் கொடுத்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கடை சேர்ந்ததும், கடைப் பெயர்களை அடித்துவிட்டு அந்த நகல்களை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூர் வாருங்கள். கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.